நாஸ் என்கிற நாசப் பெட்டி

வீட்டில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் நாம் செய்கிற முதல் வைத்தியம் தட்டுவது. ரேடியோவுக்குத் தலையில் ஒரு தட்டு, டி.வி.க்கு முதுகில் ஒரு தட்டு, ரிமோட்டை எடுத்துத் தொடையில் ரெண்டு தட்டு. பல சமயம் இது பலித்தும் தொலைத்திருக்கிறது. உள்ளே எங்கோ லூஸாகக் கிடந்த ஒயர் பயந்துபோய் ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர்தான் இன்ஜினீயர்.

இந்த வாரம், எக்காரணம் கொண்டும் தட்டக் கூடாத ஒரு பெட்டியைப் பற்றி.

பெயர் நாஸ். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன சைஸ் வருமோ, அவ்வளவுதான். உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். வைஃபை ரூட்டரோடு ஒரு ஒயரால் கட்டிப்போட்டிருக்கும். வீட்டில் இருக்கிற போன், லேப்டாப், டி.வி. எல்லாம் போட்டோ, பாட்டு, படம் வேண்டும் என்றால் அதனிடம்தான் போய் நிற்கும். மாதச் சந்தா கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் நம் குழந்தை காது குத்தின போட்டோவை வைத்துக்கொண்டு, ‘இடம் தீர்ந்துவிட்டது, பணம் கட்டு’ என்று மெயில் போடாது.

எங்கள் வீட்டுப் பெட்டி தம்பி வைத்துவிட்டுப் போனது. கனடா கிளம்புமுன், வீட்டிலிருந்த பழைய போன், மெமரி கார்டு, சி.டி. எல்லாவற்றையும் அதில் கொட்டினான். கொட்டிய பிறகு அந்தப் போன்களைக் காயலான் கடையில் போட்டான். “ரெண்டு டிஸ்க்லயும் ஒரே விஷயம்தான் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. பயமே வேண்டாம்” என்றான். விமானம் ஏறினான்.

அம்மாவுக்கு நாஸ் என்று சொல்ல வரவில்லை. “அந்த நாசப் பெட்டி” என்பாள். இருந்தாலும் வீட்டில் அதை அதிகம் உபயோகிப்பது அவள்தான். காரணம், உள்ளே பதினாலு நிமிடத்துக்கு அப்பா இருக்கிறார். 2012-ல் திருச்சியில் ஒரு சாயங்காலம் அவர் பேசிக்கொண்டிருந்ததைத் தம்பி போனில் பதிவு பண்ணினான். அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகிறது. தினம் ஆறரைக்கு விளக்கேற்றியதும் அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பாள்.

அந்த ஆறரை மணிக்குத்தான் பெட்டி செத்துப்போக ஆரம்பித்தது.

*

ஒரு வேலையாக ஒன்பது நாள் கோயம்புத்தூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருந்தன.

மனைவியின் தீர்ப்பு: “நெட் ஸ்லோ.”

மச்சான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதாவது ரெண்டு துறையைப் பற்றியும் பேசத் தகுதி உள்ளவன். “மாமா, மதர்போர்டு அவுட். புதுசா வாங்கிடுங்க. இருபதாயிரத்துக்கு மேல ஆகும். இப்ப ஆஃபர் போட்டிருக்கான்” என்றான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தோசை வார்க்கும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “மத்த நேரமெல்லாம் ஓடுதுடா. நான் உக்காந்தா மட்டும் நின்னுடுது. அவருக்கே பேசப் பிடிக்கலையோ என்னமோ.”

நெட் ஸ்லோவுக்கும் மதர்போர்டுக்கும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்கு என்ன சொல்வது?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், கரண்ட் அக்கவுண்ட். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு விஷயம் அத்துப்படி. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் தற்காலிகக் குடியிருப்பு. இன்ஜினீயர்களின் சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்குப் பெயர் மதர்போர்டு.

டேலி ஆகாத கணக்கை ஒரே ஒரு வழியில்தான் பிடிக்க முடியும். ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடித்துக்கொண்டு வரவேண்டும். எனவே 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன்.

*

இந்தப் பெட்டிகளுக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. லாக் என்பார்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், யார் வந்தார்கள், டிஸ்க்கின் சூடு என்ன என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும். பெட்டி ஒன்று அணைந்தால் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான்.

அணைவதில் ரெண்டு ஜாதி. ஒன்று, தானாகச் சொல்லிவிட்டுப் படுப்பது. மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடு ஏறிவிட்டது, அல்லது யாரோ செட்டிங்கில் ‘ராத்திரி பன்னிரண்டுக்கு ஆஃப்’ என்று நேரம் குறித்திருக்கிறார்கள் என்றால், பெட்டி கடையை ஒழுங்காக எடுத்து வைத்து, டைரியில் காரணம் எழுதிவிட்டுத்தான் படுக்கும். இன்னொன்று, நடுவாக்கியத்தில் மயக்கம் போட்டு விழுவது. அப்போது டைரியில் ஒன்றும் இருக்காது. அடுத்த தடவை கண் விழித்ததும், ‘போன தடவை என்னை முறையாக நிறுத்தவில்லை’ என்று ஒரு புகார் இருக்கும். முதல் ஜாதி என்றால் செட்டிங், தூசி, விசிறி. ரெண்டாவது என்றால் மின்சாரம்.

எங்கள் டைரியில் ஒன்பது நாளில் ஆறு புகார். நாலு, சாயங்காலம் ஆறரையை ஒட்டி. ரெண்டு, விடிகாலை இரண்டு மணியை ஒட்டி. இரண்டு மணி என்பது மனைவியின் போனிலிருந்து போட்டோக்களைப் பெட்டி இழுத்துக்கொள்ளும் நேரம். டிஸ்க்கின் சூடு 41 டிகிரி. மே மாதச் சென்னையில் நானே அதைவிடச் சூடாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு விநோதம். காலையிலிருந்து யாராவது எதையாவது அதில் நோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மத்தியானம் குழந்தைகள் மூன்று மணி நேரப் படம் ஒன்று முழுதாகப் பார்த்திருக்கிறார்கள். பெட்டி அசையவில்லை. மதர்போர்டு நிஜமாகவே அவுட் என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு யார் லீவு கொடுத்தது?

ஆறரைக்கும் இரண்டு மணிக்கும் என்ன பொருத்தம்? ரெண்டுக்கும் முன்னால் நீண்ட நேரம் பெட்டியை யாரும் தொடுவதில்லை. கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் டிஸ்க்குகள் சுழல்வதை நிறுத்தித் தூங்கிவிடும். அம்மா பொத்தானை அமுக்குவது டிஸ்க் தூங்கும்போது. அதாவது பெட்டி வேலை செய்யும்போது சாகவில்லை. தூக்கத்திலிருந்து எழும்போது சாகிறது.

வீட்டுக் கரண்டையும் டிக் அடித்தேன். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் வைஃபை ரூட்டரும் இருக்கிறது. அதன் டைரிப்படி 23 நாளாக ஒரு தடவைகூட அணையவில்லை. அடுத்த வீட்டுக்காரர் நல்லாத் தூங்கினேன் என்று சாட்சி சொன்ன மாதிரி. உங்கள் வீட்டில் ரூட்டரும் சேர்ந்து அணைகிறது என்றால் விசாரணையை அங்கேயே நிறுத்தி பிளக், சாக்கெட், இன்வெர்ட்டர் பக்கம் போங்கள். சாக்கெட் லூஸா என்று பாருங்கள். இன்வெர்ட்டருக்குப் பின்னால் யு.பி.எஸ். மோடு, சாதா மோடு என்று ஒரு சுவிட்ச் பல மாடல்களில் இருக்கும். கரண்ட் போய் பாட்டரிக்கு மாற யு.பி.எஸ். மோடில் ரொம்பக் குறைச்சலான நேரம் ஆகும். சாதா மோடில் அதைவிட அதிகம். ஃபேன், லைட்டுக்கு அந்த இடைவெளி கண் சிமிட்டல். கம்ப்யூட்டர் ஜாதிக்கு மாரடைப்பு.

*

இதற்கு நடுவில் மச்சான் பெட்டியைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிக்கொண்டிருந்தான். வரும், பச்சை விளக்கு எரியும், டொக் என்று ஒரு சத்தம், போகும். மறுபடி அமுக்குவான். லிஃப்ட் வரவில்லை என்றால் பட்டனை ஏழு தடவை அமுக்குகிற ஆசாமிகள் உண்டே, அந்த இனம்.

நான் ஒயரைப் பிடுங்கினேன். காரணம் அந்த டொக்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. அதற்கு மேலே எழுதிப் படிக்கிற தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனோடு ஒப்பிட்டால் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. கரண்ட் போனால் தட்டு நிற்கும், காற்று நிற்கும், தலை தட்டில் விழும், நம் போட்டோவை உழுதுவிடும். விழாமல் எப்படித் தப்பிக்கிறது? இங்கேதான் அந்த டிஸ்க்கைப் படைத்த புண்ணியவானுக்குக் கும்பிடு போட வேண்டும். கரண்ட் போனாலும் தட்டு சுழன்ற வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் அல்லவா? அந்த நேரத்துக்கு மோட்டாரே ஒரு குட்டி ஜெனரேட்டர் ஆகிவிடும். கடைசி மூச்சில் தயாரித்த அந்த மின்சாரத்தை வைத்துத் தலையைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டுத்தான் டிஸ்க் உயிரை விடும். டொக் என்பது அது.

ஆனால் இது அவசரக் கதவு. தினசரி வாசல் அல்ல. இந்த மாதிரி எத்தனை தடவை அடித்துப் பிடித்து ஓடினேன் என்று பல டிஸ்க்குகள் தமக்குள் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். அதோடு, எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் ஒரு டிஸ்க்கில் எழுதியும் இன்னொன்றில் எழுதாமலும் நிற்கும். இரட்டைக் கணக்கில் டெபிட் மட்டும் போட்டுவிட்டு குமாஸ்தா ஓடிப்போன மாதிரி. எனவே, காரணம் தெரியாமல் பெட்டி அணைகிறது என்றால் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். டைரியைப் படிக்க ஒரு தடவை ஆன் பண்ணலாம். அதற்கு மேல் பண்ணுகிற ஒவ்வொன்றும் கடன்.

“அப்ப ஒரு டிஸ்க்கை மட்டும் வெச்சு ஓட்டிப் பாக்கலாமா மாமா?” என்றான்.

கேட்க நியாயமாக இருக்கும். செய்யக் கூடாது. ஒரு டிஸ்க்கோடு பெட்டி எழுந்தால், மற்றது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். பிறகு அதைத் திரும்பச் செருகினால், ‘நீ யாரோ’ என்று சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை காப்பியடிக்க ஆரம்பிக்கும். பல மணி நேர வேலை. வியாதிக்கார மின்சாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தை ஆரம்பிப்பது, பிரேக் பிடிக்காத பஸ்ஸில் ஊட்டிக்குக் கிளம்புகிற மாதிரி.

ரெண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தோம். எடுக்கும்போதே பிளாஸ்திரி ஒட்டி, ஒன்று, இரண்டு என்று எழுதினேன். அம்மா ஒரு டர்க்கி டவலை மடித்துக் கொடுத்து, “அதுலதானே இருக்கார்? கீழ போட்டுடாதடா” என்றாள்.

வெறும் பெட்டியை ஆன் பண்ணினோம். ராத்திரி முழுக்க எரிந்தது. காலையில் மச்சான் காபி குடித்துக்கொண்டே பச்சை விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மதர்போர்டு பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

*

மீதி இருப்பது அடாப்டர். சுவரில் வருகிற 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தருகிற கறுப்புச் செங்கல். முதுகில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருந்தது.

மச்சான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். 12.2. “அடாப்டர் சூப்பரா இருக்கு மாமா!”

மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எங்கள் பழைய ஆபீஸில் ஒருவர் இருந்தார். ‘இந்த வேலையை முடிப்பீங்களா சார்?’ என்று கேட்டால் ‘ஓ, பேஷா!’ என்பார். ஃபைலை மேஜையில் வைத்ததும் தலைவலி வந்துவிடும். அடாப்டரிடம் வேலையே கொடுக்காமல், ‘12 வோல்ட் தருவாயா?’ என்று கேட்டால் அதுவும் பேஷாகத் தரும்.

செங்கலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டி இருக்கும் இந்தத் தெருவைத் தெரியாத எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி சென்னையில் இருக்க முடியாது. ஒரு ஆள் ஒதுங்கி நின்றால்தான் இன்னொரு ஆள் உள்ளே போகமுடிகிற அளவுக்கு ஒரு கடை. உள்ளே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு பாய்.

“மீட்டர்ல சரியாத்தான் பாய் காட்டுது” என்றேன்.

“லோடு குடுத்துப் பாத்தீங்களா சார்?” என்றவர், டிராயரிலிருந்து ரெண்டு பல்பு எடுத்தார். பைக்கில் பின்னால் பிரேக் பிடித்தால் எரியுமே, அந்தச் சிவப்பு விளக்குக்குள் இருக்கும் 21 வாட் பல்பு. ஒன்றை மாட்டினார். 12.2 இறங்கி 11.4. ரெண்டாவதையும் மாட்டினார். மீட்டர் 9-க்கு வந்து ஊசலாடியது. ரெண்டு பல்பும் சீரியல் செட் மாதிரி மினுக்கின. மொத்தம் மூன்றரை ஆம்பியர்கூட இல்லை. அப்புறம் புது அடாப்டர் ஒன்றை எடுத்து அதே ரெண்டு பல்பையும் மாட்டினார். 12-ஐ விட்டு இறங்கவில்லை.

“எத்தினி வருஷம் ஓடிச்சு?”

“நாலு. ராத்திரி பகலா.”

“நம்மள மாரிதான் சார். வயசாயிடிச்சு” என்றார். புதுசு 850 ரூபாய். பேரம் பேச வாய் வரவில்லை.

*

நாலு வருஷத்தில் ஒரு செங்கலுக்கு எப்படி வயசாகும்? உள்ளே கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கரண்ட் ஏற்ற இறக்கமாக வந்தாலும் நிரப்பி வைத்துக்கொண்டு சீராக விடும். திடீரென்று யாராவது ரெண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தாலும் தாக்குப்பிடிக்கும். அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். வற்ற வற்றத் தொட்டி சின்னதாகிறது, குழாயும் அடைத்துக்கொள்கிறது.

தேய்மானக் கணக்கு போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாதாரண கெப்பாசிட்டருக்கு 105 டிகிரியில் 2000 மணி நேரம் ஆயுள் என்று எழுதியிருப்பார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது வாய்ப்பாடு. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், காற்றில்லாத சந்தில், செங்கலின் உள்ளே 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 32,000 மணி நேரம். வருஷத்துக்கு 8,760 மணி. வகுத்துப் பாருங்கள், மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் செங்கல் நாலு வருஷம் ஓடியது. கிராஜுவிட்டி வாங்க இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி!

ஆறரை மணி மர்மமும் இதில் அடக்கம். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுதான் சாப்பிடும். நின்றுகொண்டிருக்கும் தட்டைக் கிளப்ப ஒரு டிஸ்க்குக்கே கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் வேண்டும். நின்ற மாட்டுவண்டியைக் கிளப்புவது மாதிரி. பொத்தான் அமுக்கி ஆன் பண்ணும்போது எங்கள் பெட்டி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. தூக்கத்திலிருந்து எழும்போது ரெண்டும் சேர்ந்து எழுகின்றன. நாலு ஆம்பியரைக் கேட்டால் கிழட்டு அடாப்டர் எங்கே போகும்? ஒன்பது நாள் கழித்து ஒவ்வொன்றாக எழுப்பக்கூட அதற்குத் திராணி இல்லாமல் போயிற்று. மச்சான் அமுக்க அமுக்க டொக் டொக் என்றது அதனால்தான்.

அம்மாவிடம் ஆம்பியரைச் சொல்லவில்லை. “தூங்கிட்டு இருக்கிறவங்களை எழுப்பத் தெம்பு பத்தலைம்மா, அவ்வளவுதான்” என்றேன்.

*

அடாப்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ் உள்ளேயா வெளியேயா என்று வட்டத்துக்குள் ஒரு புள்ளிப் படம் போட்டிருக்கும், ரெண்டையும் ஒப்பிடுங்கள். பின் விஷயத்தில் ஏமாறாதீர்கள். நடு ஓட்டை 2.1 மில்லிமீட்டர் என்றும் 2.5 மில்லிமீட்டர் என்றும் ரெண்டு உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். தப்பானதைச் செருகினால் ஒன்று நுழையாது, அல்லது ஆடிக்கொண்டே இருக்கும். மறுபடி அணையும், மறுபடி மதர்போர்டு என்பார்கள். பி.ஐ.எஸ். பதிவு நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பழையதைப் பிரித்து ரிப்பேர் பண்ணலாம் என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்காராதீர்கள். உள்ளே ஒரு பக்கம் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் போகாது.

அடாப்டர் மாற்றியும் எழவில்லை என்றால் மச்சான்களுக்கும் ஒரு நாள் வரும். நிஜமாகவே மதர்போர்டு படுக்கிற கேஸ் உண்டு. இன்டெல்லின் ஆட்டம் சி-2000 என்ற சில்லுகளில் கடிகாரத் துடிப்பு கொடுக்கிற பகுதி நாளாவட்டத்தில் பலவீனமாகி மொத்தமாக நின்றுவிடும் என்று 2017 ஜனவரியில் அந்தக் கம்பெனியே தன் குறிப்பேட்டில் எழுதியது. பல நாஸ் பெட்டிகளில் அந்தச் சில்லு இருந்தது. அதையும் விடாமல், சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துப் பிழைக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் விசாரணை வெளியிலிருந்து உள்ளே போகட்டும். சாக்கெட்டுக்குச் செலவில்லை, அடாப்டர் நூறுகளில், பெட்டி ஆயிரங்களில்.

புது அடாப்டரை மாட்டி, ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று டிஸ்க்குகளைச் செருகி ஆன் பண்ணினேன். ரெண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகிறதா என்று பெட்டி தானே சரிபார்க்க ஆரம்பித்தது. ஏழு மணி நேரம். ஆடிட்டர்கூட அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்.

டேலி ஆனதும் கனடாவுக்குப் போன் போட்டேன். “ரெண்டு டிஸ்க்ல இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு காப்பி?” என்றான் தம்பி. ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே அடாப்டர், ஒரே இடி. ஒன்றில் தப்பாக அழித்தால் மற்றதிலும் அதே நொடி அழியும். கண்ணாடியில் தெரிகிற ஆள் ஆபத்துக்குக் கடன் தருவானா? முழுசையும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துத் திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில் வைத்தாகிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யு.பி.எஸ். அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. ஒயர் பெட்டிக்குப் போகிறது. பாட்டரி தீரப்போகிறது என்று அது சொன்னால், பெட்டி டைரி எழுதிவிட்டுத் தானே படுத்துக்கொள்ளும்.

மறுநாள் ஆறரைக்கு அம்மா உட்கார்ந்தாள். டிஸ்க்குகள் எழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அப்பா ஆரம்பித்தார். 75 ரூபாய் சம்பளத்துக்கு ரைஸ் மில்லில் கணக்கு எழுதப் போன கதை. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? பதிவின் நாலாவது நிமிடத்தில் டப் என்று ஃபேன் நிற்கிற சத்தம். “போச்சு, கரண்ட் போச்சு” என்று தம்பி குரல். “போகட்டும் விடு. பேசறதுக்கு எதுக்கு வெளிச்சம்?” என்று அப்பா தொடர்கிறார்.

பதினாலு நிமிடமும் முடிந்ததும் அம்மா, “இன்னொரு தரம் போடு” என்றாள்.

பழைய அடாப்டரை மச்சான் கேட்டான், அவன் வீட்டு ரூட்டருக்கு மாட்ட. மீட்டரில்தான் 12.2 காட்டுகிறதே என்கிறான். நான் தரவில்லை.